பின்புறம் தெரிய மாட்டிய கேடயம்

சிங்கப்பூரின் பொங்கோலில் எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு கேடயம் தொங்குகிறது. அதன் முன்புறம் சுவரைப் பார்த்திருக்கும். பின்புறம்தான் வெளியே தெரியும். மாற்றி மாட்டிவிட்டேன் என்று வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நானும் விளக்குவதில்லை.

அதைச் செய்தவர் துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த ஓர் அண்ணன். மூன்று ஆண்டுகளுக்கு முன், கதாபாத்திரங்களின் வேடமிட்டு வருகிறவர்கள் கூடும் காஸ்பிளே விழாவில், வேடத்துக்கான ஆயுதங்கள் செய்யும் போட்டியை நடத்தும் பொறுப்பு என்னிடம் இருந்தது. முந்தைய முறை யாரோ கடையில் வாங்கிவந்த வாளுக்குப் பரிசு கொடுத்து எல்லாரிடமும் ஏச்சு வாங்கியிருந்தோம். அதனால் நானே ஒரு விதி எழுதினேன். சொந்தக் கையால் செய்ததற்குச் சான்றாக, செய்யும்போது எடுத்த நான்கு படங்கள் வேண்டும். ஒன்பது மாத மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த விதியைப் பத்து முறையாவது திருத்தியிருப்பேன். யாருக்கும் ஓரவஞ்சனை நடந்துவிடக் கூடாதே என்ற பயம்.

அண்ணனிடம் ஒரு படம்கூட இல்லை.

"யார்டுக்குள்ள கேமரா போன் விட மாட்டாங்க மேடம். கேட்லயே வாங்கி வச்சுக்குவாங்க. சாப்பாட்டு நேரத்துல உக்காந்து செஞ்சது." கழித்துப்போட்ட ஃபோம் தாளில் செய்த கேடயம், துருவேறிய இரும்பென்றே கண் நம்பியது. "ஒரு கத்தியும் பசையும் குடுங்க. இங்கயே ஒரு மூலைய செஞ்சு காட்டுறேன். ஊர்ல என் பொண்ணு ரிசல்ட்டுக்காக போனையே பாத்துட்டு உக்காந்திருக்கு."

என்னருகில் இருந்த சீன நடுவர், "செய்யட்டும் லா, பத்து நிமிஷம்தானே," என்று சிங்கப்பூர் ஆங்கிலத்தில் சொன்னார். அன்று காலைதான், போன் உடைந்துவிட்டது என்ற ஒரு சீனக் கல்லூரி மாணவியை அவள் பேச்சை நம்பிப் படங்கள் இல்லாமலே போட்டியில் சேர்த்திருந்தேன். ஆனால் இவர் தமிழர், நானும் தமிழ்ப் பெண். தன் ஆளுக்கு இடம் கொடுத்தாள் என்று சொல்லிவிடுவார்களோ? அண்ணன் தமிழில் கேட்டார். நான் ஆங்கிலத்தில் மறுத்தேன்.

"ரூல்னா ரூல்தான் மேடம், பரவால்ல," என்றவர், கிளம்பும் முன் கேடயத்தை என் மேசையில் வைத்தார். "நாங்க தங்குற டார்ம்ல வைக்க இடமில்ல. பாப்பா விளையாடட்டும்."

பிறகு ஒரு ஞாயிறு தேக்கா சந்தையில் அவரைக் கண்டேன். காய்கறிக் கடைக்குள் புகுந்துகொண்டேன்.

கேடயத்தைத் தூசி துடைக்கத் திருப்பியது அதற்கும் பல வாரங்கள் கழித்துத்தான். பின்புறமெங்கும் பென்சில் கோடுகள், அழித்து எழுதிய அளவுகள், தவறாக வெட்டி ஒட்டுப்போட்ட இடம், பசையில் பதிந்த கட்டைவிரல் ரேகை. நான் கேட்ட நான்கு படங்களைவிட அதிகமாகவே அதில் இருந்தது. அன்று மேசையில் கையெட்டும் தூரத்தில் கிடந்ததை நான் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"மா, டர்ன் பண்ணுங்க. நைஸ் சைட் தெரியல," என்கிறாள் மகள். யார் செய்தது என்றும் கேட்கிறாள். ஓர் அண்ணன் என்கிறேன். அவரை ஒருமுறைகூட நான் அப்படி அழைத்ததில்லை.