கழுவாத சட்டி

அகழாய்வு வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. எட்டாவதோடு நின்ற நான் எப்படி இந்த குடோனுக்கு வாட்ச்மேன் ஆனேன்? அந்த வேலை ஒரு சட்டியால் போய், இன்னொரு சட்டியால் வந்தது.

மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் ஒரு மேட்டைத் தோண்டினார்கள். தோண்டும் குழியில், அதாவது ட்ரெஞ்சில், வரும் பானை ஓடுகளை எங்கள் ஊர் மாதம்மாக்காவும் நானும் கழுவிக் காயவைக்க வேண்டும். பொறுப்பிலிருந்த சாருக்கு ஓடு என்றாலே எரிச்சல். கல்வெட்டோ தங்கமோ கிடைத்து, பேப்பரில் தன் போட்டோ வந்தால்தான் அவருக்கு ஜெயித்த மாதிரி. எனக்கு அவ்வளவு பெரிய ஆசை இல்லை. கிடைத்த பொருட்களை வைக்கும் குடோனைக் காக்க கூலிக்காரர்களில் ஒருவரை சார் சிபாரிசு செய்வார். நிரந்தர வேலை. அந்த ஒருவன் நானாக இருந்தால் போதும்.

ஒருநாள் உட்புறம் கன்னங்கரேல் என்றிருந்த ஒரு சட்டி வந்தது. நல்ல பேர் வாங்க இதுதான் சமயம் என்று சாம்பலும் தேங்காய் நாரும் போட்டு விளக்கி சாரிடம் நீட்டினேன்.

"உள்ள கருப்பா ஒட்டியிருந்துச்சே, எங்கடா?"

"தேச்சு எடுத்துட்டேன் சார். எங்க வூட்டு சட்டிகூட இப்படி மின்னாது."

சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "மெட்ராஸ் ஆபீஸ்ல இருக்கற நம்ம பெரியவரு கேக்கறதே அந்தக் கருப்பத்தான்டா. லேப்ல வச்சு என்ன தின்னாங்கன்னு பாப்பாங்க. உன்ன வாட்ச்மேனா போட்டா குடோனையே வெளக்கி வச்சிருவ. போ."

மாதம்மாக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "உங்கம்மா சட்டி வெளக்கச் சொன்னா ஊரையே சுத்திட்டு வருவ. இங்க மட்டும் என்னடா அக்கறை?"

இரண்டு வாரம் கழித்து அதேபோல இன்னொன்று வந்தது. தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகவில்லை. சார் அதற்கு 'யாகச் சடங்குக் கலயம்' என்று லேபிள் கட்டினார். யாகம் என்றால் பேப்பரில் போடுவார்கள் அல்லவா. மறுநாள் பெரியவர் வருகிறார். சட்டியை ஏந்தி நிற்க சார் என்னைக் கூப்பிட்டார்.

"அவரு முன்னாடி வாயத் தொறக்காம நின்னீன்னா உன் பேர எழுதறேன்."

நின்றேன். பெரியவரிடம் சார் யாகத்தை வர்ணித்துக்கொண்டிருந்தார். நான் சட்டிக்குள் பார்த்தேன். கருப்பில் கோடு கோடாகச் சுரண்டல். ஒரு பூசாரி சம்மணம் போட்டு, அடியில் தீய்ந்து ஒட்டிய காந்தலைச் சுரண்டித் தின்பதை நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏம்ப்பா சிரிக்கிற?" என்றார் பெரியவர்.

சார் முறைத்தார். வேலை போனது போனதுதான், சொல்லிவிட்டே போகலாம் என்று தோன்றியது.

"இது அடிபுடிச்ச களிச் சட்டிங்க. பாருங்க, ஒரு பக்கம்தான் தீஞ்சிருக்கு. வெறகு ஒரு பக்கமே எரிஞ்சிருக்கு, அந்தம்மா எங்கியோ பராக்கு பாத்திருக்காங்க. இந்தக் கோடு காந்தலச் சுரண்டித் தின்னதுங்க. நானும் எந்தங்கச்சியும் இப்படித்தான் அடிச்சிக்குவோம்."

"ரெண்டு பேருங்க," என்றார் பின்னாலிருந்து மாதம்மாக்கா. "கோடு ரெண்டு பக்கமிருந்தும் வருது."

பெரியவர் சட்டியை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாகம் பண்ணவங்களுக்கு நல்ல பசி போல," என்றார் சாரிடம். "லேபிள மாத்துங்க. இதக் கழுவாம வச்சது யாரு?"

"நான்தாங்க."

"குடோனுக்கு இவனையே எழுதுங்க."

லேப்பிலிருந்து தானியக் களிதான் என்று பதில் வந்தது. பேப்பரிலும் வந்தது: சட்டியோடு சார், ஓரத்தில் என் முழங்கை. அவரும் ஜெயித்தார்.

தம்பிகளா, எதையும் தண்ணீரில் போடுவதற்கு முன் உள்ளே பாருங்கள். களியைத் தீய்த்ததற்கு அன்றைக்கு அந்தம்மா வீட்டில் நல்ல திட்டு வாங்கியிருப்பார். அந்தத் திட்டுக்குத்தான் இன்றைக்கு நான் சம்பளம் வாங்குகிறேன்.