லேலோங் சாமிகள்

என் வீட்டுக்காரர் பக்கிரிசாமி ஒரு காரைப் பார்க்கப் போனால் முதலில் எஞ்சினைப் பார்க்க மாட்டார். டயரையும் பார்க்க மாட்டார். கதவைத் திறந்து டேஷ்போர்டைத்தான் பார்ப்பார், அங்கே சாமி இருக்கிறதா என்று. உடனே பெரிய பக்திமான் போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பக்தியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எல்லாம் வியாபாரம்.

பினாங்கில் பழைய கார் விற்றவர்கள் எத்தனையோ பேர். இவர் விற்றது மட்டும் பறக்கிற கார். இரண்டு கதவு, இரண்டு காபரேட்டர், தெருமுனையில் வரும்போதே தொட்டில் பிள்ளையை எழுப்பிவிடுகிற சத்தம். செலிக்கா, எஸ்கார்ட், ஆல்ஃபா என்று ஆயர் ஈத்தாமில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே ஏதாவது ஒன்று எப்போதும் நிற்கும். டாக்டர் வீட்டுப் பையன்களும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை இஞ்சினியர்களும் வந்து சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். நான் மாடியிலிருந்து சாபம் விடுவேன். அந்தக் கார்களை வைத்துத்தான் எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பாவம்.

கார்கள் வந்தது லேலோங்கிலிருந்து. தவணை கட்ட முடியாதவர்களின் கார்களை ஃபைனான்ஸ் கம்பெனிக்காரர்கள் ஆள் வைத்து இழுத்துவந்து, ஜுரு பக்கம் ஒரு பொட்டலில் வரிசையாக நிறுத்தி ஏலம் போடுவார்கள். வியாபாரிகளுக்கு மட்டும்தான் அனுமதி. எஞ்சினை முடுக்கிப் பார்க்க விடமாட்டார்கள். தொட்டுப் பார்க்கலாம், குனிந்து பார்க்கலாம், எண்ணெயை மோந்து பார்க்கலாம், அவ்வளவுதான். வேகக் கார் விஷயத்தில் இது பெரிய சூதாட்டம். வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே நல்ல காபரேட்டரைக் கழற்றிவிட்டு ஓட்டை உடைசலை மாட்டியிருப்பார்கள்.

அங்கேதான் சாமி வருவார். டேஷ்போர்டில் பிள்ளையாரோ முருகனோ ஒட்டியபடி இருந்தால், அந்தக் கார் திடீரென்று இழுக்கப்பட்ட கார். சொந்தக்காரன் நேற்றுவரை ஓட்டியிருக்கிறான், எதையும் கழற்ற அவனுக்கு நேரம் இருந்திருக்காது, துணிந்து வாங்கலாம். சாமி இல்லாமல் பசை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால், அவனுக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. சாமியை எடுத்தவன் சாமானையும் எடுத்திருப்பான், தொடக் கூடாது. இது என் வீட்டுக்காரர் தாமாகக் கண்டுபிடித்த கணக்கு. பெரும்பாலும் தப்பியதில்லை.

வாங்கிய காரிலிருந்து சாமியைக் கழற்றும்போது மட்டும் மனிதருக்கு என்னவோ ஆகிவிடும். தோளில் கிடக்கிற துண்டைச் சாமி மேல் போட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கையால் தடவித் தடவிப் பெயர்த்தெடுப்பார்.

"ஏங்க, சாமியப் பாத்தா என்ன, கடிச்சிருமா?" என்று கேட்டிருக்கிறேன்.

"அடுத்தவன் வீட்டுச் சாமிலா. காரு எங்கடான்னு கேட்டா நான் என்னத்தச் சொல்றது?" என்பார்.

அப்படியே பொட்டலமாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். இந்தச் சங்கதி ஊர் வியாபாரிகள் எல்லாருக்கும் தெரிந்துபோனது. குப்பையில் போட யாருக்கும் மனசு வராதில்லையா. லேலோங் முடிந்து சூலியா தெரு டீக்கடையில் எல்லாரும் கூடும்போது, சீனர்களும் முஸ்லிம்களும் தங்கள் காரில் கிடைத்த நம் சாமிகளைக் காகிதத்தில் சுற்றி இவர் கையில் கொடுப்பார்கள். ஷேக் அலாவுதீன் என்று ஒருவர், இவருக்குத் தொழிலில் நெருங்கிய கூட்டாளி. "இந்தாங்கண்ணே, உங்காளு ஒருத்தரு வந்திருக்காரு," என்று இரண்டு கையாலும் நீட்டுவார். எல்லாம் எங்கள் சமையலறை பிஸ்கட் டின்னுக்குள் போகும். தைப்பூசம் நெருங்கும்போது தண்ணீர்மலைக் கோயில் பக்கம் ஒரு அரசமரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிடுவோம்.

பொட்டலத்தைப் பிரித்துத் துடைத்து வைக்கிற வேலை இவர் தம்பி நல்லமுத்துவுடையது. தாய் தகப்பன் இல்லாத பையனை இவர்தான் வளர்த்தார். நான் கல்யாணமாகி வந்தபோது அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு என் பின்னாலேயே திரிந்தவன். வளர்ந்து தொழிற்சாலை வேலைக்குப் போன பிறகும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தரையில் உட்கார்ந்து, பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் ஒவ்வொரு சாமியாகத் தேய்ப்பான்.

"அண்ணி, இன்னிக்கு மூணு பேரு அரெஸ்ட்டு. ஒருத்தருக்கு ஜாமீன் எடுக்கவா?" என்பான். சிரிப்பு மூட்டுகிற பிள்ளை.

அவனுக்கும் ஒரு கார்ப் பைத்தியம் பிடித்தது. யார் வீட்டுப் பிள்ளை, பிடிக்காமல் இருக்குமா? அண்ணன் கொண்டுவந்த மஞ்சள் செலிக்கா ஒன்றைத் தவணைக்கு எடுத்துக்கொண்டான். அதில் முருகனை ஒட்டியது நான். தைப்பூசக் கடையில் வாங்கிய முருகன். ஒட்டும்போது என் கை பட்டு வேலின் நுனி உடைந்துவிட்டது. அபசகுனம் என்று யாராவது சொல்வதற்குள் பசை போட்டு ஒட்டி, தழும்பு தெரியாமல் இருக்க என் சிவப்பு நெயில் பாலிஷைத் தடவிவிட்டேன். "முருகன் மேக்கப் போட்டுட்டாருடோய்" என்று குதித்தான் நல்லமுத்து.

பினாங்குப் பாலம் திறந்த வருஷம் தொழிற்சாலையில் ஆள் குறைத்தார்கள். அவன் வேலை போயிற்று. தவணை நின்றது. அண்ணன் காரைக் கொண்டுவரச் சொன்னார்.

"நாளைக்கே கொண்டாந்து விடு. நல்ல விலைக்கு நான் வித்துத் தரேன்."

"வேற வேல கெடைக்கும்ணே. கொஞ்சம் பொறுங்க."

"பொறுத்தா இழுத்துட்டுப் போயிருவான். கார் விக்கிற பக்கிரி தம்பியோட காரையே இழுத்துட்டான்னு டீக்கடையில சிரிக்கணுமா?"

"உங்களுக்கு உங்க பேருதான் பெருசு."

"ஆமாடா, பெருசுதான்! அந்தக் காரோட இனிமே என் மூஞ்சியில முழிக்காத!"

ஒன்றுக்கு ஒன்று சளைக்காத பிடிவாதம். நான் நடுவில் நின்று கத்தியதை யார் கேட்டார்கள்? நல்லமுத்து சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினான். செலிக்கா சத்தம் மார்க்கெட் தாண்டிப் போகிறவரை கேட்டது. அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. நாலு நாளில் பசிக்கு வந்துவிடுவான் என்றார். வரவில்லை.

அப்புறம்தான் என் வீட்டுக்காரருக்குச் சோறு இறங்காமல் போனது. வாய் விட்டுச் சொல்லமாட்டார். ஆனால் முன்பு ஜுருவோடு நின்றவர், தைப்பிங், ஈப்போ, அலோர் ஸ்டார் என்று ஒரு லேலோங் விடாமல் ஓடினார். கணக்கு எனக்குப் புரிந்தது. தவணை கட்டாத கார் என்றைக்காவது இழுபடும். இழுபட்டால் லேலோங்குக்கு வரும். வந்தால் எந்த ஊரில் இழுத்தார்கள் என்று கேட்கலாம், அந்த ஊரில் தம்பி இருப்பான். செலிக்கா ஒன்று நின்றால் போதும், ஓடிப்போய்க் கதவைத் திறந்து டேஷ்போர்டைப் பார்ப்பார். நெயில் பாலிஷ் முருகன் இல்லையென்றால் வெறுங்கையோடு திரும்பி வந்து படுத்துவிடுவார்.

"அலாவுதீன் பாய்கிட்ட சொல்லி வைங்களேன். நாலு பேரு தேடினா சீக்கிரம் கெடைக்கும்ல?" என்று தலைதலையாக அடித்துக்கொண்டேன்.

"என்னான்னு சொல்றது? எந்தம்பி காரு ஏலத்துக்கு வரும், பாத்து வைங்கன்னா?"

கௌரவம். ஃபைனான்ஸ் கம்பெனியில் போய்க் கேட்கவும் அதே கௌரவம். அதைத் தூக்கி அடுப்பில் போட வேண்டும் என்று எனக்கு வெறியே வந்தது. தொழிலிலும் ஒரு பழக்கம் இருந்தது, இது யார் கார், பாவம் என்ன ஆனான் என்று யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள். கேட்டால் வாங்க மனசு வராது.

இரண்டு தைப்பூசம் போயிற்று. பொட்டலங்கள் வந்துகொண்டே இருந்தன. பிரித்துத் துடைக்கத்தான் ஆள் இல்லை, வந்தபடியே டின்னில் கிடந்து, வந்தபடியே மரத்தடிக்குப் போயின.

மூன்றாவது தைப்பூசத்துக்கு முந்தின வாரம் டின்னுக்குள் எறும்பு ஏறிவிட்டது. சனியன் பிடித்த எறும்பு என்று திட்டிக்கொண்டே எல்லாப் பொட்டலத்தையும் தரையில் கொட்டிப் பிரித்தேன். பிள்ளையார், அம்மன், இன்னொரு பிள்ளையார். அப்புறம் மலாய்ப் பத்திரிகையில் சுற்றி ரப்பர் போட்டிருந்த ஒன்று. பிரித்தேன். முருகன். வேலின் நுனியில் சிவப்பு.

நான் போட்ட சத்தத்தில் இவர் லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். என் கையிலிருந்ததைப் பார்த்தார். காரிலிருந்து கழற்றி வந்த ஒரு சாமியை அவர் முகத்துக்கு நேரே பார்த்தது அன்றைக்குத்தான். அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

மலாய்ப் பத்திரிகையில் சுற்றி ரப்பர் போடுவது அலாவுதீன் பாய் ஒருத்தர்தான். நேரே சூலியா தெருவுக்குப் போனோம். முருகனை மேஜையில் வைத்ததும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"அலோர் ஸ்டார்ல எடுத்த செலிக்காண்ணே. போன வருஷம், நோம்புக்குக் கொஞ்சம் முன்னால. நீங்க காய்ச்சல்னு வராத அன்னிக்கு."

"மஞ்சளா?"

"கறுப்பு. பெயிண்டு மாத்தியிருந்தான். கெடாவுலயே ஒருத்தனுக்குக் கைமாத்தி விட்டுட்டேன். ஏண்ணே?"

"எந்தம்பி காரு, பாய்."

அலாவுதீன் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லா! ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாண்ணே? ஒரே ஒரு வார்த்த! இத உங்க கையிலதானே குடுத்தேன்!"

அவரே விசாரித்து, அந்தக் காரை இழுத்த ஆளைப் பிடித்துக்கொடுத்தார். நம்ம ஆள்தான். சுங்கை பட்டாணியில், பழைய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சாப்பாட்டுக் கடை ஓரத்தில் இழுத்ததாகச் சொன்னான்.

"காருக்குள்ளதான் படுத்திருந்தான். சண்ட போடல, சாவியத் தந்துட்டான். துணிப்பையை எடுத்துக்கிட்டான். சாமியையும் எடுத்துக்கடான்னு நானே சொன்னேன். கைய நீட்டுனான், அப்புறம் இழுத்துக்கிட்டான்."

"ஏன்?" என்றார் இவர்.

"இருக்கட்டும், லேலோங்குல எந்தச் சாமி வந்தாலும் பினாங்குல எங்கண்ணன் கைக்குப் போய்ச் சேந்துரும், பாத்தார்னா வருவாருன்னான். எனக்கு ஒண்ணும் புரியல."

பாவி! பொட்டலத்தைப் பிரிக்கிற ஆளே அவன்தானே. அவன் இல்லாத வீட்டில் யார் பிரிப்பார்கள்? அதை நினைக்கத் தோன்றவில்லை அவனுக்கு. அங்கேயே தெருவில் நின்று அழுதேன்.

அன்றைக்கே சுங்கை பட்டாணி போனோம். கடைக்காரி ரொஸ்னா, மலாய்க்காரம்மா. எங்களைப் பார்த்ததும், நான் முகத்தைத் துடைத்துக்கொள்வதற்குள், "அண்ணனா?" என்று தமிழிலேயே கேட்டாள். அந்த ஒரு சொல் அவளுக்கு நல்லமுத்து சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தது. மிச்சத்தை மலாயில் சொன்னாள். கார் போனபிறகு அவன் அவள் கடையிலேயே மங்கு தட்டு கழுவிக்கொண்டு தங்கிவிட்டான். சத்தமாக ஒரு கார் வந்தால் போதும், ஈரக் கையோடு ரோட்டுக்கு ஓடுவான். ஹரி ராயாப் பெருநாள் போயிற்று. தீபாவளி வந்தது. அன்றைக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு காலையிலிருந்து கடை வாசலில் உட்கார்ந்திருந்தான். மறுநாள் பையை எடுத்துக்கொண்டு தெற்கே போகிற லாரி ஒன்றில் ஏறிவிட்டான். எந்த ஊர் என்று சொல்லவில்லை.

"போகும்போது என்ன சொன்னான்?" என்று இவர் கேட்டார்.

ரொஸ்னா என்னைப் பார்த்தாள், சொல்லலாமா என்பது போல. அப்புறம் சொன்னாள். "அண்ணன் இதுக்குள்ள பார்த்திருப்பார். பார்த்தும் வரல, கோபம் தீரலன்னு சொன்னான்."

திரும்பி வருகிற வழியில் பாலத்தின் நடுவில் காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு அழுதார் என் வீட்டுக்காரர். மூஞ்சியில முழிக்காதேன்னு சொன்னேனே, சொன்னேனே என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். வாழ்நாளெல்லாம் அவரைத் திட்டியே பழகிய நான், அன்றைக்கு அவர் துண்டாலேயே அவர் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு லேலோங்குக்குப் போய் எதையும் ஏலம் கேட்கவில்லை. கையிலிருந்த கார்களை எல்லாம் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு மஞ்சள் செலிக்காவை மட்டும் எங்கிருந்தோ தேடிப் பிடித்து வாங்கி வைத்துக்கொண்டார். சைலன்சரைக் கழற்றிப் பழையபடி சத்தம் வைத்தார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதை எடுத்துக்கொண்டு ரொஸ்னா கடை வாசலில் போய் நிற்பார். தெற்கேயும் போவார், லாரிகள் நிற்கிற இடமாகப் பார்த்து.

அந்த முருகனை அவரே அதில் ஒட்டினார். முதல் நாள் ஏறி உட்கார்ந்தவுடன் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கண்ணு அவிஞ்சு போச்சா உங்களுக்கு? சாமியத் திருப்பி ஒட்டி வச்சிருக்கீங்க. மூஞ்சி ரோட்டப் பாத்துக்கிட்டு இருக்கு!"

"நாம பாக்கறதுக்கு இல்ல குணவதி," என்றார். "அவன் பாக்கறதுக்கு."

உள்ளே உட்கார்ந்திருக்கிற எங்களுக்குத் தெரிவது முருகனின் முதுகு மட்டும்தான்.