பன்னிரண்டு தறிக்குழிகள்

காஞ்சிபுரத்துக்கு மோட்டார் பஸ் வரத் தொடங்கிய வருஷம் எனக்கும் புதுமைப் பித்துப் பிடித்தது. அப்போது நான் ஒரு பட்டு முதலாளியிடம் மேஸ்திரி. பிள்ளையார்பாளையத்தில் வீட்டுக்கொன்றாகக் கிடந்த அவருடைய பன்னிரண்டு தறிகளையும் ஒரே கொட்டகைக்குக் கொண்டுவந்துவிட்டால் வேலை பறக்கும் என்று அவரிடம் அளந்துவிட்டேன். அவரும் சம்மதித்தார். ஆனால் ஒரு கொக்கி போட்டார். தை முகூர்த்தத்துக்கு ஒரு கல்யாண வீட்டுச் சேலைகள் எல்லாம் வந்தாக வேண்டும். வராவிட்டால் தறிகள் பழையபடி வீட்டுக்குப் போகும், நான் வாலாஜாபாத்துக்குப் போக வேண்டியதுதான். அங்கே என் மாமனார் நெல் மண்டி வைத்திருந்தார். மூட்டைகளுக்குக் காவல் இருக்க மாப்பிள்ளை எப்போது வருவார் என்று நெடுநாளாக ஆசையோடு காத்திருந்தார்.

கொட்டகை என்னவோ பார்க்க அழகுதான். குழித்தறியில் நெய்கிறவர் தரையோரம் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிகட்டையை மிதிக்க வேண்டும். பன்னிரண்டு குழிகளையும் கயிறு பிடித்து ஒரே வரிசையில், ஒரே ஆழத்தில் வெட்டவைத்தேன். தினமும் காலையில் வரிசைக்கு முன்னால் நின்று, இனி நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று பிரசங்கம் செய்வேன். மத்தியானம் சுண்டல். வெள்ளிக்கிழமை ஆளுக்கொரு முழம் பூ.

எல்லோரும் தலையாட்டினார்கள். சுண்டலையும் சாப்பிட்டார்கள். சேலைதான் நகரவில்லை. நாழிகைக்கு ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். வெற்றிலை போடத்தான் போகிறார்கள் என்று நினைத்து வெற்றிலையைத் தடை செய்தேன். வெற்றிலை இல்லாமலே போனார்கள். ஒருவர் வீட்டிலிருந்து செங்கல் கொண்டுவந்து குழிக்குள் போட்டுக்கொண்டார், இன்னொருவர் பலகை. கொட்டகை குப்பைமேடாகிறதே என்று நானே அவற்றை வாரி வெளியே எறிந்தேன். அதற்கும் தலையாட்டினார்கள்.

மார்கழி பிறந்துவிட்டது. எங்கே பார்த்தாலும் எனக்கு நெல் மூட்டையாகத் தெரிந்தது. ஒருநாள் பொறுமை போய், இருப்பதிலேயே குள்ளமான நெசவாளரை எழுப்பிவிட்டு அவர் இடத்தில் நானே உட்கார்ந்தேன். அவருக்கு என் வயதுதான். மிதிகட்டை என் பாதத்துக்கு அவ்வளவு வாகாக இருந்தது.

"இதுல என்னய்யா கஷ்டம்? எல்லாம் சரியாத்தானே இருக்குது!"

கொட்டகையே சிரித்தது.

"உங்களுக்கு சரியாத்தான் இருக்கும் மேஸ்திரி" என்றார் குள்ளர். "எவ்ளோ ஆழம் வெட்டறதுன்னு ஆளு கேட்டப்போ, நீங்கதானே உக்காந்து காலைத் தொங்கவுட்டுக் காட்டினீங்க?"

உண்மைதான். அந்தக் கொட்டகையிலேயே நெட்டை நான்தான். என் காலுக்கு வெட்டிய குழியில் பன்னிரண்டு பேர் கட்டைவிரல் நுனியால் மிதித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"இத்தினி நாளா ஏன்யா சொல்லல?"

"செங்கல்லு போட்டோம், தூக்கி எறிஞ்சிட்டீங்க. காலைல சொல்லலாம்னா நீங்க பேசிக்கினு இருந்தீங்க, நாங்க கேட்டுக்கினு இருந்தோம். எப்பதான் சொல்றது?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. கோபமும் வந்தது. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் பிரசங்கம் இல்லை. அவரவர் காலுக்கு ஏற்றபடி அவரவர் குழியை மேடாக்கி மிதிகட்டையைக் கட்டிக்கொள்ள, நான் மண் கூடை சுமந்தேன். குள்ளர் மட்டும் "இன்னும் ஒரு கூடை, மேஸ்திரி" என்று என்னை நாலைந்து தடவை கூடுதலாக நடக்கவிட்டார். அதில் கொஞ்சம் வேண்டுமென்றே செய்ததும் உண்டு.

தறிச் சத்தம் மாறியது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு யாரும் வெளியே போகவில்லை. முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது கடைசிச் சேலையையும் தறியிலிருந்து அறுத்து முதலாளி கையில் கொடுத்தேன். மாமனாருக்குத்தான் ஏமாற்றம்.

சந்தோஷம் தாங்காமல் மறுநாள் காலை மறுபடியும் வரிசைக்கு முன்னால் நின்று தொண்டையைச் செருமினேன். குள்ளர் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த இடத்தைத் தட்டிக் காட்டினார்.

"உக்காந்து பேசுங்க மேஸ்திரி."

உட்கார்ந்தேன். அவர் காலுக்கு மேடாக்கிய குழி அது. என் முட்டி இரண்டும் தறிக்கட்டையில் இடித்தன. நாலே வார்த்தையில் பேச்சை முடித்துக்கொண்டேன்.