பஸ் கடந்தபோது இழுத்த காற்று

2006 வாக்கில், ஓர் ஆடி மாதப் பகலில், அவிநாசி தாண்டிச் சேலம் போகும் நெடுஞ்சாலையில் நடந்தது இது. எட்டாவதோடு படிப்பை விட்டு, கேரளாவில் ஹோட்டல் வேலை, ஆந்திராவில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டி என்று ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திருப்பூர் வந்து சேர்ந்திருந்தேன். வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் எடுபிடி வேலை. தங்க இடமும் சாப்பாடும் கிடைத்தன. அது போதுமாக இருந்தது.

கம்பெனியில் வெட்டிய துணித் துண்டுகளை, அவிநாசிக்கு அப்பால் தைக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வழக்கமான டெம்போ அன்று வரவில்லை. நானும் கட்டிங் பிரிவில் இருந்த ஒருவரும் மொபெட்டில் கிளம்பினோம். அவர் உள்ளூர்க்காரர், என்னைவிட மூத்தவர். நான் எங்கள் திருநெல்வேலிப் பழக்கத்தில் "அண்ணாச்சி" என்பேன்.

"ஏங்கண்ணு, நான் என்ன மளிகைக் கடையா வெச்சிருக்கறேன்? அண்ணான்னு கூப்புடு" என்பார்.

"சரி அண்ணாச்சி" என்பேன்.

மூட்டை பெரியது, ஆனால் கனமில்லை. நிமிர்த்தி வைத்தால் ஆடியது. அதனால் எங்கள் இருவருக்கும் நடுவில் குறுக்கே கிடத்தினோம். நான் ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்து மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். இரண்டு பக்கமும் கைநீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. ஊருக்குள் எல்லா வண்டியும் ஊர்ந்துதான் போகும் என்பதால் ஒன்றும் தெரியவில்லை.

நெடுஞ்சாலையில் ஏறிய சற்று நேரத்தில் பின்னாலிருந்து ஒரு கன்டெய்னர் லாரி வந்தது. உரசவில்லை, இடம் விட்டுத்தான் வந்தது. ஆனால் அதன் முகப்பு பக்கத்தில் வந்ததும், யாரோ தோளில் கைவைத்துத் தள்ளியதுபோல் வண்டி இடதுபுறம் மண்ணை நோக்கிப் போனது. நான் ஹேண்டில்பாரை வலதுபுறம் திருப்பினேன். தள்ளிய காற்று சட்டென்று நின்றுபோய், எங்களை லாரியின் பக்கம் இழுக்க ஆரம்பித்தது. என் வண்டிச் சத்தம் எனக்கே கேட்கவில்லை. வலது முழங்காலுக்குப் பக்கத்தில் சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின.

"இந்தப் பக்கம் ஒடி கண்ணு, ஒடி!" என்று அவர் கத்தினார்.

ஹேண்டில்பாரை இடதுபுறம் ஒடித்தேன். வண்டி கேட்கவில்லை. லாரி முழுவதும் கடந்த பிறகுதான் எங்களை விட்டது. மண்ணில் இறங்கிச் சரிந்தோம். முட்டி சிராய்த்ததோடு சரி. மூட்டையின் வாய் பிரிந்து துண்டுகள் சாலையோரமெல்லாம் சிதறின.

பனியன் கம்பெனியில் இருந்தவர்களுக்குத் தெரியும். வெட்டிய துண்டு கீழே விழுந்தால், யாராக இருந்தாலும் குனிந்து எடுத்துவிட வேண்டும். சட்டைக் கைக்கு வெட்டிய கைத்துண்டு ஒன்று தொலைந்தால் அந்தச் சட்டையே போச்சு. அச்சாக அதே நிறத்தில் வேறு துண்டு கிடைக்காது. வருஷக்கணக்காக அந்த வேலையில் இருந்த அண்ணாச்சிக்கு அது உடம்பில் ஊறிப்போன பழக்கம். எழுந்து மண்ணைத் தட்டுவதற்கு முன்பே பொறுக்க ஆரம்பித்துவிட்டார். நானும் பொறுக்கினேன்.

தார் ஓரத்தில் ஒரு கைத்துண்டு கிடந்தது. அவர் அதனிடம் போகும்போது பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி வந்தது.

"அண்ணாச்சி, பஸ்சு வருது. இங்கிட்டு வாங்க!"

"அது பாட்டுக்குப் போகட்டும், உடு. நானென்ன நடு ரோட்லயா நிக்கறேன்?"

பஸ்ஸின் முகப்புக் காற்று அந்தத் துண்டை அவர் காலடிக்கே தள்ளிக்கொண்டு வந்தது. குனிந்தார். விரல் படுவதற்குள் அது திரும்பி, பஸ்ஸை நோக்கித் தரையோடு தரையாக ஓடியது. குனிந்தபடியே அவரும் ஓரடி, இன்னோரடி அதன் பின்னால் போனார். ஒரு கால் தரையில் இல்லாத நேரம் பார்த்து அந்தக் காற்று அவரையும் சேர்த்து இழுத்தது. பஸ்ஸின் பின்சக்கரம் இனிமேல்தான் வர வேண்டும்.

பாய்ந்து அவர் முதுகுப் பக்கம் சட்டையைப் பிடித்தேன். அவர் போட்டிருந்தது ஏற்றுமதியில் கழித்துப்போட்ட டி-சர்ட், பனியன் துணி. என் கை பிடித்த இடத்தில் நின்றது. துணி மட்டும் நீண்டது. அவர் போய்க்கொண்டே இருந்தார். பட்டினி கிடந்திருக்கிறேன், ஓடும் லாரியிலிருந்து விழுந்திருக்கிறேன். அந்தத் துணி நீண்டபோது பயந்ததுபோல் எதற்கும் பயந்ததில்லை. கிழிந்துவிடும் என்று நினைத்தேன். இன்னும் நீண்டது. பிறகு ஓரிடத்தில் நின்று, கையில் கனம் விழுந்தது. பின்சக்கரம் அவர் முகத்துக்கு முன்னால் உருண்டு போனது.

இருவரும் மல்லாக்க விழுந்தோம். அந்தத் துண்டு புழுதியோடு பஸ்ஸைத் துரத்திக்கொண்டு வெகுதூரம் போனது. அவர் அதையே பார்த்தார்.

"வலது கைங்கண்ணு அது" என்றார்.

"போகட்டும் அண்ணாச்சி."

"அண்ணான்னு கூப்புடு" என்றார். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

மண்ணில் கிடந்ததை மட்டும் அள்ளி மூட்டையைக் கட்டினோம். மீதித் தூரம் மண் ஓரமாக வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தோம். தைக்கும் இடத்தில் துண்டு குறைகிறது என்று சூப்பர்வைசர் கத்தினார். அண்ணாச்சி மூட்டையை இறக்கி வைத்தார். முதுகில் மட்டும் டி-சர்ட் பை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த வருஷமே நான் வேறு ஊர் போய்விட்டேன். இன்றும் சாலையோரத்தில் நிற்கும்போது பெரிய வண்டி கடந்துபோனால் உடனே அடியெடுத்து வைப்பதில்லை. கண்ணுக்குத் தெரிந்தது போய்விட்டது, தெரியாதது இன்னும் போய்க்கொண்டிருக்கிறது என்று நிற்கிறேன், அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் யாரென்றே தெரியாவிட்டாலும் என் விரல்கள் தாமாகவே அவர் சட்டையைத் தேடுகின்றன.