சுவர்ப்பக்கம் திரும்பிய பிள்ளை

சபையாரே, நான் வாயைத் திறந்தால் மூடமாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் ஆண்டவர் எனக்குச் செய்த நன்மை, என் வாயை மூடவைத்ததில்தான் தொடங்கியது.

போன மழைக்காலத்தில் எனக்கு ஷெரின் பிறந்தாள். எனக்கு அம்மா இல்லை. தங்கவயலிலிருந்து அக்கா வந்து ஒரு மாதம் பார்த்துவிட்டுப் போனாள். கணவர் எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனிக்கு கேப் ஓட்டுகிறார். விடியுமுன் போனால் இருட்டித்தான் வருவார். ஈஜிபுராவில் எங்களுக்கு மாடிவீடு. தெருவில் அவ்வளவு ஜனம். என் கதவைத் தட்ட ஒருவரும் இல்லை.

அந்த அமைதி எனக்குப் பயம். பிள்ளை இருக்கும் வீட்டில் துதிச் சத்தம் ஓயக்கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அதனால் காலையிலேயே போனில் பாட்டுப் போட்டுத் தொட்டிலருகே வைத்துவிடுவேன். அதற்கு மேலே நானும் பாடுவேன், கைதட்டுவேன். குனிந்து, "அம்மாவப் பாரு கண்ணு, அம்மாவப் பாரு" என்று கெஞ்சுவேன். ஒரு கணம் பார்ப்பாள். உடனே சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாள். நான் அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம். பிறகு விக்கல், அழுகை.

பெற்ற பிள்ளைக்கே என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். ஆண்டவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று நினைத்தேன். சாப்பாடு இறங்கவில்லை. அக்காவுக்குப் போன் செய்தேன். "நீயே தூக்கிட்டுப் போயிடுக்கா. உங்கிட்டயாவது நல்லா இருக்கட்டும்." ஞாயிறு வருகிறேன் என்றாள். தரையில் உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேட்டேன். "ஆண்டவரே, அக்காகூடப் போறதுக்கு முன்னாடி ஒருதரம் அவ என்னைப் பாக்கணும்."

வெள்ளிக்கிழமை தடுப்பூசி. அங்கும் பைக்குள் போன் பாடிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா எதிரிலேயே பிள்ளை முகத்தைத் திருப்பினாள். நான் உடைந்துபோய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"முதல்ல அந்தப் பாட்ட ஆஃப் பண்ணுங்கம்மா," என்றார் அவர். "பாப்பா உங்களை வேணாம்னு சொல்லலை. இத்தனூண்டு பிள்ளைக்கு இவ்வளவு சத்தம் தாங்காது. கொஞ்சம் இரு, அப்புறம் வரேன்னு சொல்றா. திரும்பினா விட்டுடுங்க. கூப்பிடாம இருங்க, அவளே வருவா." பிறகு கேட்டார்: "நீங்க தூங்குறீங்களா? பகல் பூரா தனியாவா இருக்கீங்க?"

அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. அடுத்த வாரம் எனக்காகவும் வந்து பேசவேண்டும் என்றார். இன்றுவரை போய்ப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து போனை அணைத்தேன். ஷெரினை மடியில் கிடத்தினேன். பார்த்தாள், திரும்பினாள். நான் கூப்பிடவில்லை. ஜெபத்தைக்கூட மனதுக்குள்தான் சொன்னேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று நான் சொல்லவேண்டாம். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

மெல்லத் திரும்பினாள். என் கண்ணை, மூக்கை, நெற்றியை அவசரமில்லாமல் பார்த்தாள். எனக்குக் கண்ணீர் முட்டியது. துடைப்பதற்காக முகத்தைத் திருப்பினேன். மறுபடி அவள் பக்கம் திரும்பியபோது அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஞாயிறு அக்கா வந்தாள், சாப்பிட்டாள், வெறுங்கையோடு போனாள். ஆண்டவருக்கு நன்றி.

ஜெபித்தும் பதிலில்லை என்று யாராவது தனியாக அழுதுகொண்டிருந்தால், விட்டுவிடாதீர்கள். கொஞ்சம் காத்திருங்கள். கூட உட்கார ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள். வந்து பேசாமல் உட்கார்ந்திருப்பேன்.