கம்ப்ரசர் பக்கம் கட்டிய தூளி

ஆணித் துப்பாக்கி வேலையில் விரல் போகும் என்று எல்லாரும் பயமுறுத்துவார்கள். காதைப் பற்றி யாரும் சொல்லமாட்டார்கள். வலங்கைமான் பக்கம் ஒரு யார்டில், கான்கிரீட் ஊற்றத் தாங்கலாகக் கொடுக்கும் சென்ட்ரிங் பலகை அடிக்கிறேன். ஐந்தாவதோடு நின்றவள், நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுவேன். ஆனாலும் பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இந்த வேலை பார்க்கும் உங்களுக்காக எழுதுகிறேன். என் பையனுக்குக் காது கேட்கிறதா என்று நான் தவித்த கதை இது.

டியூப் கட்டிய முனை

துப்பாக்கியின் முனை மரத்தில் அழுந்தினால்தான் ஆணி வரும். அதுதான் நமக்குக் காவல். அழுத்தி அழுத்தி அடித்தால் வேலை ஓடாது என்று எங்கள் மேஸ்திரி முனையை சைக்கிள் டியூபால் இழுத்துக் கட்டிவிட்டார். அப்புறம் விசையைத் தொட்டாலே ஆணி பாயும். ஒரு நாள் அதைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். விரல் விசையிலேயே இருந்துவிட்டது. ஆணி போய் தூளி கட்டிய கம்பத்தில் ஏறியது. தூளிக்குள் எட்டு மாதப் பிள்ளை. நடக்கும்போது விரலை எடுத்துவிடுங்கள், வேறென்ன சொல்ல.

என்னோடு பலகை பிடிக்கும் செல்வியக்கா தூளியை அவிழ்த்து, ஷெட்டுக்குப் பின்னால் கம்ப்ரசர் பக்கம் கட்டினார். "இங்க எந்த ஆணியும் வராது. நீ போயி வேலையப் பாருடி" என்றார்.

நல்ல தூக்கம்

துப்பாக்கிக்குக் காற்று அடைக்கிற அந்த மெஷின் நாளெல்லாம் இரையும். பையன் இரண்டு நாள் அழுதான், மூன்றாம் நாள் தூங்கினான். கரண்ட் போய் மெஷின் நின்றால்தான் வீல் என்று எழுந்திருப்பான். எனக்குச் சந்தோஷம்தான், மறைப்பானேன். முதலாளி சிரித்தார்: "புள்ளய எங் கம்ப்ரசர்தான பாத்துக்குது? அதுக்கு நீதான் கூலி குடுக்கணும்."

கூப்பிட்டால்

ஒரு வயசு தாண்டியும் பேர் சொன்னால் திரும்பமாட்டான். என் முகத்தைப் பார்த்தால் சிரிப்பான், முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டால் ஒன்றுமில்லை. செல்வியக்காவிடம் சொன்னதற்கு, "ஏண்டி, நீ பேசுறது எனக்கே கேக்கல, அவனுக்கு எங்க கேக்கும்?" என்றார். அதை நம்பத்தான் எனக்கும் ஆசை.

புதுத் துப்பாக்கி

பழையது மக்கர் பண்ணியது. தூக்குகிறவளே பார்க்கட்டும் என்று முதலாளி என்னைக் கும்பகோணம் கடைக்குக் கூட்டிப்போனார். பையன் இடுப்பில். கடைக்கார பாய் மூன்றை எடுத்து வைத்தார். கனம் பார்த்தேன். ஆணிச் சுருள் போடும் மூடி ஒற்றைக் கையில் திறக்கிறதா பார்த்தேன். முனையை அழுத்தாமல் விசையை இழுத்தேன், அடிக்கவில்லை. இதுவே போதும் என்றேன்.

ஒரு தடவை அடித்துக் காட்டுகிறேன் என்று பாய் கட்டையில் வைத்து அழுத்தினார். முதலாளி துள்ளினார், எதிரே நின்ற ஆள் காதைப் பொத்தினான். பையன் என் தோளில் சாய்ந்தபடி தாலிக்கயிற்றைச் சப்பிக்கொண்டிருந்தான். பாய்க்கு ஒரே ஆச்சரியம்: "மாஷா அல்லாஹ், வெடிச்சத்தத்துக்குக்கூட கண்ணு சிமிட்டல பாருங்க. புள்ள தைரியசாலிம்மா!"

தஞ்சாவூரில்

மறுநாளே அவனைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன். தூங்கவைத்து, தலையில் வயர் ஒட்டிக் காது கேட்கிறதா என்று பார்த்தார்கள். அங்கே மெஷின் சத்தம் இல்லாததால் அவன் தூங்கவே ஒரு மணி நேரம் ஆனது. டாக்டரம்மா பொறுமையாகப் பேசினார். இரண்டு காதிலும் பாதிக்கு மேல் கேட்கவில்லை, காதுக்கு மெஷின் மாட்டினால் பேச்சு வரலாம் என்றார். தூளி எங்கே கட்டினேன் என்பதைச் சொன்னேன். அவர்கள் முன்னால் நான் முழுசாகச் சொன்னது அது ஒன்றுதான். "அதனாலயா டாக்டர்?" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். "பொறந்தப்பவே டெஸ்ட் எடுத்திருந்தா சொல்லலாம்மா. பொறவியிலயே இப்படியா, சத்தத்தாலயான்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

ஆக, இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்தது தினக்கூலியும், யாரைக் கேட்டாலும் பதில் வராத ஒரு கேள்வியும்தான்.