போனில் அவளுக்கு முப்பத்தாறு வயது

ஆந்திர எல்லையில், சத்தியவேடு பஸ் ஸ்டாண்டு அருகே இருபது வருஷம் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருந்தேன். என்னிடம் தொழில் பழக வருகிறவர்களுக்கு முதலில் செல்வி கதையைத்தான் சொல்வேன். டிஸ்ப்ளே மாற்றுவதெல்லாம் அப்புறம்.

செல்வி ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலைக்குப் போகிறவள். ஒருநாள் பன்னிரண்டு வயது மகள் ரேவதியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"அண்ணா, கேம்ல எவங்கிட்டயோ பேசிக்கினே கீறா. இன்னான்னு பாரு. போன புடுங்கி அடுப்புல போடப்போறேன்."

அந்த போனுக்கு அக்கவுண்ட் போட்டுக் கொடுத்தவனே நான்தான். செட்டிங்ஸைத் திறந்தேன். வயது முப்பத்தாறு என்றிருந்தது. அது செல்வியின் வயது.

பிள்ளையின் வயதைப் போட்டால் பெற்றோர் அக்கவுண்ட், அனுமதி என்று அரை மணி நேரம் இழுக்கும். கடையில் கூட்டம் இருந்தால் அம்மாவின் பிறந்த தேதியைத் தட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவோம். அன்றும் அப்படித்தான் செய்திருந்தேன். பெரியவள் என்று நம்பி கேம் யாரை வேண்டுமானாலும் அவளிடம் பேச விட்டிருந்தது.

மெசேஜ் எல்லாம் தெலுங்கில். ரேவதி தெலுங்கு மீடியம், செல்விக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் தெரியும்.

"நீயே படிச்சி சொல்லுண்ணா" என்றாள்.

இரண்டு வரி பார்த்தேன். நான் படித்தால் ஆத்திரம் முழுக்க அந்தப் பிள்ளைமேல்தான் விழும் என்று தோன்றியது. போனை ரேவதியிடம் கொடுத்தேன்.

"நீயே அம்மாவுக்குத் தமிழ்ல சொல்லும்மா."

தலையைக் குனிந்தபடி சொன்னாள். "ஸ்கூல் டிரஸ்ல போட்டோ அனுப்புன்னு கேக்கறான். அம்மாகிட்ட சொல்லாதன்றான். சொன்னா..."

"சொன்னா இன்னாவாம்?"

"உங்கம்மா போன புடுங்கிடுவான்றான்."

செல்வி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அனுப்சியா?"

"இல்லமா."

"இப்பதான நானும் அதயே சொன்னேன்" என்றாள் செல்வி என்னைப் பார்த்து. பிறகு மகளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "புடுங்க மாட்டேன். எவன் இன்னா எழுதினாலும் எங்கிட்ட படிச்சிக் காட்டு."

ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்து, அவனை பிளாக் செய்தேன். சைபர் கம்ப்ளெயிண்ட் கொடுக்கவும் வழி சொன்னேன். வயது விஷயத்தையும் மறைக்கவில்லை. "தப்பு என்னுது, செல்வி" என்றேன். அந்தத் தப்பு இன்றும் உறுத்துகிறது.

புது அக்கவுண்ட் போட்டோம். வெளியே நாலு பேர் முணுமுணுத்துக்கொண்டு நின்றார்கள். அவசரப்படும் வேலை வேறு, இது வேறு என்று அன்றைக்குத்தான் உறைத்தது. பிறந்த தேதி கேட்ட இடத்தில் நான் கையை எடுத்துக்கொண்டேன். ரேவதி தன் தேதியை ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, செல்வி தன் விரலால் அழுத்தினாள்.